பொய்மணியும் மெய்மணியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே வழக்கம். அவ்வழக்கத்தினின்று சிறிது விலகி, ஆய்வுக்கூடத்தில் ஒலிக்கும் ஓர் எச்சரிக்கை மணியைப் பற்றி இன்று பேச முன்வந்துள்ளோம். அதற்குத் தக்க காரணம் உண்டு. பிழைப்பை நாடியும், பணி மாற்றத்தாலும், கல்வியின் பொருட்டும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியமர்ந்த நம் குடும்பங்களில், ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் பால் குளிரூட்டும் நிலையங்களிலும் இரவுப் பணி பார்ப்போர் இருக்கின்றனர். அவர்தம் இல்லங்களில் நள்ளிரவில் தொலைபேசி ஒலிப்பது புதிதன்று. "மின்னழுத்தம் குறைந்துவிட்டது, குளிர்பெட்டி சூடேறுகிறது, உடனே வருக" என்று செய்தி வருகிறது. உறக்கம் கலைந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிச் சென்று பார்த்தால், அங்கே எல்லாம் செவ்வனே நடைபெறுகின்றன. அளவி மட்டும் பிழையாகக் கூவியிருக்கின்றது.

ஒருமுறை இவ்வாறு நேர்ந்தால் சிரித்துக்கொண்டு திரும்புகிறோம். இரண்டாம் முறை சலித்துக்கொள்கிறோம். மூன்றாம் முறை சினம் மூள்கிறது. நான்காம் முறை மணி ஒலிக்கும்போது, "வழக்கமான பொய்தானே, விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று புரண்டு படுக்கத் தோன்றுகிறது. 'புலி வருது, புலி வருது' என்று கூவிய சிறுவனின் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் அக்கதையில் வரும் ஊராரின் நிலையில் நாமே இருக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த நான்காம் முறைதான் நம் இன்றைய பொருள்.

ஆராய்ச்சி மணியின் பெருமை

திருவாரூரில் ஆண்ட மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணிக் கதையை அறியாத தமிழர் இல்லை. குறையுற்றோர் எவராயினும் வந்து அசைக்கலாம் என்று அரண்மனை வாயிலில் கட்டிய மணி அது. கன்றை இழந்த பசு அதனை அசைத்தது. மன்னன் எழுந்து வந்தான். அக்கதையில் நீதியின் சிறப்பைப் புலவர் பலர் எடுத்துரைத்துள்ளனர். நாம் அதில் வேறொன்றையும் காண்கிறோம். அம்மணி என்றோ ஒருநாள் ஒலித்தது. ஆகவேதான் ஒலித்தவுடன் மன்னன் திடுக்கிட்டான். அதே மணியைக் காற்று நாள்தோறும் அசைத்திருந்தால், காக்கை வந்தமர்ந்து வேளைக்கொரு முறை ஒலிக்கச் செய்திருந்தால், என்ன நேர்ந்திருக்கும்? முதல் வாரம் காவலர் ஓடி வந்திருப்பர். அடுத்த வாரம் ஓட்டம் நடையாகியிருக்கும். ஒரு மாதத்திற்குள் யாரேனும் ஒருவர் மணியின் நாவிலே துணியைச் சுற்றியிருப்பர். பிறகு பசு வந்து அசைத்திருந்தாலும் அரண்மனை உறங்கியே இருந்திருக்கும்.

எனவே, பொய்மணியால் விளையும் கேடு உறக்கம் கெடுவது மட்டுமன்று. அது மெய்மணியின் குரல்வளையை நெரிக்கின்றது. இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

நம் வட்டாரத்து ஆய்வுக்கூடங்கள்

திருமலையாலும் மாந்தோப்புகளாலும் பெயர்பெற்ற இந்நிலப்பகுதியில் அறிவியலும் ஆழமாக வேரூன்றியுள்ளது. 1954-ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் திருப்பதியில் தோன்றியது. 2015-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இங்கே தொடங்கப்பெற்றன.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையின் பக்கம் காதங்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே, விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. 2005-ஆம் ஆண்டிலிருந்து இப்பெயர் பெற்றுள்ள அந்நிறுவனத்தின் தலைசிறந்த கருவி, 1990-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய எம்.எஸ்.டி. ரேடார் ஆகும். 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்ட வெளியில் 1024 ஆன்டென்னாக்கள், வரிசைக்கு 32 ஆக, நாற்று நட்டாற்போல் நிற்கின்றன. 53 மெகா ஹெர்ட்ஸ் அலைகளை வானை நோக்கி அனுப்பி, காற்று மண்டலத்திலிருந்து மிக மெலிந்து திரும்பி வரும் எதிரொலியை அவை கேட்கின்றன. தொடக்கத்தில் 32 பெரிய அலைபரப்பிகள் இவற்றை இயக்கின. பின்னர் ஒவ்வோர் ஆன்டென்னாவுக்கும் ஒன்றாக, 1 கிலோவாட் ஆற்றலுடைய 1024 சிறு கருவிகள் அமைக்கப்பெற்றன.

இத்தகைய பேரமைப்பை எண்ணும்போது ஒரு கணக்கு மனத்தில் எழுகின்றது. இஃது அவ்வாய்வுக்கூடத்தின் கணக்கன்று. விளக்கத்தின் பொருட்டு நாமே அமைத்துக்கொண்ட கணக்கு. 1024 கருவிகள் உள்ள ஓரிடத்தில், ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் ஓர் அளவி கண்காணிப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அளவியும் மிகவும் நாணயமானது. ஆயிரம் நாளுக்கு ஒருமுறை மட்டுமே தவறாகக் கூவும் என்றும் கொள்வோம். ஆயிரம் நாள் என்பது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். தனியொரு கருவிக்கு அது பெருமைக்குரிய ஒழுக்கமே. எனினும் 1024-ஐயும் ஒருங்கே நோக்கினால், சராசரியாக நாளுக்கு ஒரு பொய்மணி! உண்மையான பழுதோ மாதத்திற்கு ஒன்றுதான் நேர்கிறது என்றால், முப்பத்தொரு மணிகளில் ஒன்றே மெய்ம்மணி. அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது யார்? காவலிருப்போர் சோம்பேறிகள் அல்லர்; அவர்களை இக்கணக்கே களைப்படையச் செய்கின்றது.

எல்லாம் மின்னழுத்தமே

ஆய்வுக்கூடத்துக் கண்காணிப்புக் கருவி வெப்பத்தை அளக்கிறது, ஈரத்தை அளக்கிறது, வாயுவின் அழுத்தத்தை அளக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது நேராக அளப்பது பெரும்பாலும் மின்னழுத்தத்தையே. ஏனைய யாவும் அதிலிருந்து கணித்துச் சொல்லப்படுவன.

சான்றாக, இருவகை உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் செய்யப்படும் 'தெர்மோகப்பிள்' என்னும் வெப்ப உணரியை எடுத்துக்கொள்வோம். பெருவழக்கிலுள்ள 'கே' வகை உணரி, அறை வெப்பத்தின் அண்மையில், பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தருகின்றது. வோல்ட்டைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் 41 பங்கு! இத்துணை நுண்ணிய அழுத்தத்தில் ஒரு மில்லிவோல்ட் அளவு பிழை புகுந்தால், வெப்பம் 24 பாகை மாறியதாகத் திரையில் தோன்றும்.

இனி, பிளாட்டினக் கம்பியாலான மற்றோர் உணரியைக் காண்போம். அதன் மின்தடை பனிக்கட்டி உருகும் நிலையில் 100 ஓம். பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.385 ஓம் கூடும். அத்தடையின் ஊடே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, எழும் மின்னழுத்தத்தை அளந்து வெப்பத்தைச் சொல்வர். இரண்டே கம்பிகளால் இணைக்கப்பட்ட இத்தகைய உணரியில், திருகாணி ஒன்று துருவேறி 1 ஓம் தடை கூடிற்று என்றால், வெப்பம் 2.6 பாகை மிகுந்ததாகக் காட்டும். குருதி வங்கியில் செங்குருதியை 2 முதல் 6 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிரில் காப்பது முறை. உள்ளே 4 பாகையில் நலமாக இருக்கும் குருதி, திரையில் 6.6 எனத் தோன்றும். மணி அடிக்கும். குருதிக்கு ஒரு கேடும் இல்லை, கேடு திருகாணிக்கே! இத்திருகாணி எதிர்ப்புறமாகப் பிழைத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணுக. கெட்டுக்கொண்டிருக்கும் குருதி நலமாக இருப்பதாகத் தோன்றும். பொய்மணியைப் போலவே பொய்யமைதியும் உண்டு.

அளவி பொய் சொல்வது ஏன்?

முதற்காரணம், இப்போது கூறிய தளர்ந்த இணைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும், பெட்டிக்குள் புகும் எறும்பும் பல்லியும் இதற்குத் துணைபுரிகின்றன.

இரண்டாம் காரணம், அண்டை வீட்டு ஓசை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குவது. உணரியின் நீண்ட கம்பி மின்கம்பியை ஒட்டிச் சென்றால், அவ்வதிர்வு இதற்குள்ளும் கசிந்துவிடும். பக்கத்து அறையில் நாதசுரம் ஒலிக்கும்போது இவ்வறையில் கிசுகிசுத்த பேச்சைக் கேட்க முயல்வது போன்றது அது.

மூன்றாம் காரணம், உண்மையேயாயினும் கேடில்லாத சரிவு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரோ, குளிர்பெட்டியின் கம்ப்ரஸரோ புறப்படும்போது, வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கை ஒரு கணம் இழுக்கும். விளக்கு கண் சிமிட்டுகிறது, மின்னழுத்தம் சரிகிறது, மறுகணம் நிமிர்கிறது. விழிப்பு மிகுந்த அளவி அதற்குள் கூவி விடுகிறது.

நான்காம் காரணம் நுட்பமானது. அளவுகோலே தேய்ந்துவிடுவது. அரிசி அளக்கும் படி நசுங்கிச் சிறுத்துவிட்டால், பத்துப் படி அரிசி பதினொரு படியாகத் தெரியும். அரிசி பெருகவில்லை, படி சுருங்கிற்று. எந்த மின்னழுத்தத்தை அளவுகோலாகக் கொண்டு அளவி மற்றவற்றை அளக்கின்றதோ, அதுவே சரிந்தால், அளக்கப்படும் அனைத்தும் ஏறிவிட்டதாகப் பொய் சொல்லும். பல அளவுகள் ஒரே நொடியில் ஒரே திசையில் சாய்ந்தால், படியைத்தான் முதலில் ஐயுறுதல் வேண்டும்.

ஐந்தாவதாக, தொடர்பே இல்லாத கம்பி. மின்தொடர்பு அறுந்த கம்பியொன்று உயிருள்ள மின்கம்பியை ஒட்டிச் சென்றால், இக்காலத்து எண்காட்டி மீட்டர் அதில் பல வோல்ட் இருப்பதாகக் காட்டுவதுண்டு. மின்பணியாளர் இதனைப் பேய் மின்னழுத்தம் என்பர். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழி நினைவுக்கு வருகின்றது. எனினும் தேர்ந்த பணியாளர் அதனைப் பேய் என்று சொல்லிக் கையை வைத்துவிடுவதில்லை. சிறிது மின்னோட்டத்தை இழுக்கும் சோதனைக் கருவியை இணைத்துப் பார்க்கிறார். பேய் மின்னழுத்தமாயின் உடனே விழுந்துவிடும். மெய்யாயின் நிலைத்து நிற்கும். அதுவரை அக்கம்பியை உயிருள்ளதாகவே மதிக்கிறார். நாம் இன்று சொல்ல வந்த நெறி முழுவதும் இதனுள் அடங்கியுள்ளது. பொய்யென்று மெய்ப்பிக்கும் வரையில் மெய்யென்றே கொள்ளுக; மெய்ப்பிக்கும் வழியையோ முன்னரே ஆயத்தமாக வைத்துக்கொள்ளுக.

துணி சுற்றிய மணி

மணி ஓயாது ஒலிக்கும்போது மனிதர் நாடும் எளிய வழி, அதன் வாயை அடைத்தல். அதன் விளைவுக்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் டிராய் நகரில் ரென்சலேர் பாலிடெக்னிக் நிறுவனம் உள்ளது. அதன் ஆய்வுக்கூடம் ஒன்றில், சுழிக்குக் கீழே 80 பாகைக் குளிரில், இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆராய்ச்சியின் மாதிரிகளைக் காத்த உறைகுளிர்ப் பெட்டி இருந்தது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அதன் வெப்பம் இரண்டு பாகை ஏறியதால் எச்சரிக்கை ஒலித்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் பழுதுபார்ப்போர் வரச் சில நாட்கள் ஆகும் நிலை. பெட்டியை நிறுத்தவேண்டா என்றும், ஒலியை மட்டும் அடக்கும் பொத்தான் எது என்றும் அறிவிப்பு எழுதி ஒட்டினர். அவ்வாறிருந்தும், துப்புரவுப் பணிக்கு வந்த ஒருவர் ஓயாத ஒலியைக் கேட்டு, மின்னிணைப்புப் பெட்டியிலுள்ள விசையைத் தவறாகப் புரிந்துகொண்டு, மின்சாரத்தையே நிறுத்திவிட்டார் என்று அந்நிறுவனம் 2023-இல் தொடுத்த வழக்கில் கூறப்பட்டது. உள்ளிருந்த குளிர் சுழிக்குக் கீழே 32 பாகை என்னும் அளவுக்கு ஏறிற்று. மாதிரிகள் பெரும்பாலும் பாழாயின. இழப்பு பத்து இலட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டனர்.

அவர் தீங்கெண்ணிச் செய்தவர் அல்லர். உதவுவதாகவே எண்ணிச் செய்தார் என்று வழக்கிலே கூறப்பட்டுள்ளது. பயிற்சி தராது விட்டதே குற்றம் என்பது அந்நிறுவனத்தின் வாதம். கற்றவர் எழுதிய அறிவிப்பு, கேட்டவர் காதிலும் கருத்திலும் சேரவில்லை. நாட்கணக்கில் ஒலித்த மணி எச்சரிக்கை என்னும் தன்மையை இழந்து, நிறுத்தவேண்டிய தொல்லையாகவே அவருக்குத் தோன்றிற்று.

மற்றொரு கேடு, மணிகளின் வெள்ளம். 1994-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் மில்பர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், இடிமின்னலால் தொடங்கிய குழப்பம் வெடிப்பாக முடிந்தது. மூடிக்கிடந்த வால்வு ஒன்று திறந்திருப்பதாகத் திரை காட்டிற்று. வெடிப்புக்கு முந்திய 11 நிமிடங்களில் 275 எச்சரிக்கைகள் ஒலித்தன. அவற்றை எதிர்கொண்டவர் இருவர். காப்பாற்றக்கூடிய செய்தி அவ்வொலிகளுக்கு நடுவில் மூழ்கிற்று. இருபத்தறுவர் காயமுற்றனர். பிரிட்டனில் 1999-இல் வெளிவந்த பொறியியல் வழிகாட்டி ஒன்று, வழக்கமான நேரத்தில் பணியாளர் ஒருவர்க்குப் பத்து நிமிடத்திற்கு ஒன்றுக்கு மிகாமல் எச்சரிக்கை வருவதே தாங்கத்தக்க அளவு என்று வகுத்தது.

செய்யத்தக்கன யாவை?

முதலாவது, தூதனையும் செய்தியையும் பிரித்தறிதல். 'பொருளுக்கு நோய்' என்பது வேறு. 'அளவிக்கு நோய்' என்பது வேறு. தொழிற்கூடங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. உணரியின் அளவைச் சுழியிலிருந்து தொடங்காமல், 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாக அனுப்புவர். மிகத் தாழ்ந்த அளவுக்கும் 4 மில்லி ஆம்பியர் வந்தே தீரவேண்டும். ஒன்றுமே வராவிடில், அளவு தாழ்ந்ததென்று பொருளன்று. கம்பி அறுந்ததென்று பொருள். வாய்பேசாத தூதனும், 'ஒன்றுமில்லை' என்று வாய்திறந்து சொல்லும் தூதனும் ஒருவர் அல்லர் என்பதை இம்முறை உணர்த்துகின்றது. இவ்விரண்டுக்கும் வெவ்வேறு ஒலியும் வெவ்வேறு விளக்கும் வைத்தல் நலம். முன்னதற்கு உடனே எழுந்து ஓடுக. பின்னதற்கு மாற்று அளவியால் உடனே சரிபார்த்து, பழுதைக் குறித்து வைத்துக் காலையில் சீர்செய்க.

இரண்டாவது, இயற்கைக்கு ஒத்ததா என்று வினவுதல். நிறைந்த உறைகுளிர்ப் பெட்டி ஒரே நொடியில் சுழிக்குக் கீழே 80 பாகையிலிருந்து மேலே 400 பாகைக்குத் தாவ இயலாது. அவ்வாறு காட்டினால் தாவியது பெட்டியன்று; அறுந்தது கம்பி.

மூன்றாவது, சிறிது பொறுத்தல். 50 அதிர்வுடைய மின்சாரத்தின் ஓர் அலை முழுமையடைய 20 மில்லிநொடி ஆகும். அந்நேரமோ அதன் மடங்கோ முழுவதும் சராசரி எடுத்தால், மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கசிந்த அதிர்வு மறையும். மோட்டாரின் சரிவுக்கோ சில நொடிப் பொறுமை போதும். குளிர்பெட்டிக்குச் சில நிமிடங்கள் பொறுக்கலாம். நச்சு வாயுவுக்கு அவ்வாறு பொறுத்தல் தகாது. கேடு எவ்வளவு விரைவில் வரும் என்பதே பொறுமையின் எல்லை.

நான்காவது, ஏறுவாசல் வேறு, இறங்குவாசல் வேறாக வைத்தல். மின்னழுத்தம் 207 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மணி ஒலிக்கட்டும்; 207-ஐத் தொட்டவுடன் ஓயாமல், 212-ஐ அடைந்த பின்னரே ஓயட்டும். அவ்வாறின்றேல், 206-க்கும் 208-க்கும் இடையே ஊசலாடும் இரவெல்லாம் மணியும் ஊசலாடும்.

ஐந்தாவது, இரண்டாம் சான்று. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குவதில்லை. பெருமதிப்புள்ள பொருளுக்கு மூன்று உணரிகளை வைத்து, இரண்டு ஒத்துச் சொன்னால் மணி ஒலிக்கச் செய்வர். மாறுபட்ட மூன்றாவதைப் பழுதுபார்ப்பர். சிறிய கூடங்களில் மூன்றுக்கு வசதியில்லையேல், பெட்டிக்குள் ஒரு சாதாரண வெப்பமானியேனும் தொங்கட்டும். மின்சாரத்தை நம்பாத சாட்சி அது.

ஆறாவது, மணியையே சோதித்தல். பல நாள் ஒலிக்காத மணி நல்ல மணியா, இறந்த மணியா? திங்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே எல்லையைத் தாண்டச் செய்து, மணி ஒலிக்கிறதா, தொலைபேசிச் செய்தி சேர்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் செய்த பின்னரும், எல்லையை அகலப்படுத்தி அமைதியை விலைக்கு வாங்கும் ஆசை எழும். அது தகாது. எல்லையைக் காக்கப்படும் பொருளின் தேவை வகுக்கட்டும்; காவலரின் களைப்பு வகுக்கவேண்டா. களைப்புக்கு மருந்து அளவியைச் செப்பனிடுவதிலேயே உள்ளது.

இடியின் நடுவே ஒரு தெளிவு

அளவியின் இயல்பை முன்னரே அறிந்தவர் ஒருவர் இருந்தால் எத்துணை நன்மை விளையும் என்பதற்கு, அப்பல்லோ 12 சான்று பகர்கின்றது. 1969-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மழை மேகங்களினூடே அவ்விண்கலம் கிளம்பியது. 36-ஆம் நொடியிலும் 52-ஆம் நொடியிலும் மின்னல் தாக்கிற்று. மின்சாரம் தந்துகொண்டிருந்த எரிபொருள் கலங்கள் தொடர்பறுந்தன, மின்னழுத்தம் சரிந்தது, எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே ஒளிர்ந்தன. தரையிலிருந்தோர் கண்ட எண்களோ பொருளற்ற குழப்பமாயிருந்தன.

அப்போது ஜான் ஆரன் என்னும் 26 வயதுப் பொறியாளர், அக்குழப்பத்தின் வடிவத்தை அடையாளம் கண்டுகொண்டார். ஓராண்டுக்கு முன் ஒரு சோதனையின்போது அத்தகைய எண்களைக் கண்டு, அதன் காரணத்தைத் தேடி அறிந்து வைத்திருந்தார் அவர். உணரிகளின் அளவுகளைச் சீர்செய்து அனுப்பும் கருவி, தாழ்ந்த மின்னழுத்தத்தில் இவ்வாறு பிதற்றும் என்பதே அவர் அறிந்தது. அக்கருவியின் விசையைத் துணை நிலைக்கு மாற்றுமாறு கூறினார். ஆலன் பீன் அவ்வாறே செய்தார். எண்கள் தெளிந்தன; உண்மை நிலை தெரிந்தது; எரிபொருள் கலங்கள் மீண்டும் இணைக்கப்பெற்றன. ஐந்து நாட்களின் பின், நவம்பர் 19-இல், பீனும் கான்ராடும் நிலவில் இறங்கினர்.

இதில் நாம் கற்பது யாது? அங்கே பொய்யும் மெய்யும் கலந்தே வந்தன. மின்னழுத்தம் சரிந்தது மெய்; திரையிலிருந்த எண்கள் பொய். எல்லாம் பொய்யென்று தள்ளியிருந்தாலும் கேடு. எல்லாம் மெய்யென்று அஞ்சியிருந்தாலும் பயணம் கைவிடப்பட்டிருக்கும். ஒரு சாதாரண நாளில் கண்ட சிறு குழப்பத்தை, 'போகட்டும்' என்று விடாமல், ஏன் என்று கேட்டு வைத்திருந்த பழக்கமே அன்று துணைநின்றது. ஆகவே பொய்மணி ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் பதிதல் வேண்டும். நாள், நேரம், காட்டிய அளவு, கண்ட உண்மை, கண்டறிந்த காரணம் என ஐந்து பத்திகள் போதும். மழை நாளில் மட்டும் கூவும் அளவி எது, மோட்டார் புறப்படும்போது கூவுவது எது என்று ஆறு திங்களில் அவ்வேடே சொல்லிவிடும்.

நமக்குரிய கடமை

இறுதியாக, நம் காலனி மக்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அங்கே இரவுக் காவல் புரிபவரும் துப்புரவு செய்பவரும் பெரும்பாலும் தெலுங்கு பேசுபவர், சிலர் தமிழர். மணி ஒலிக்கும் நள்ளிரவில் முதலில் அதனைக் கேட்பவர் அறிவியலறிஞர் அல்லர், இவர்களே. இரு மொழியும் அறிந்து, இரு சாராரோடும் பழகும் பேறு நமக்கு வாய்த்திருக்கின்றது. அறிவிப்பைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஒட்டுவது நமக்கு அரை நாழிகை வேலை. ஒட்டியதோடு நில்லாமல், அவரை அழைத்துச் சென்று, "அண்ணா, இந்தப் பொத்தான் ஒலியை மட்டும் அடக்கும்; இந்த விசையைத் தொடவே வேண்டா; இந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள், எந்நேரமாயினும் யாரும் சினந்துகொள்ள மாட்டோம்" என்று நேரில் காட்டுதல் இன்னும் சிறப்பு. 'அண்ணா' என்னும் விளி இரு மொழிக்கும் பொதுவானது. அதனால் விளையும் உரிமையும் பொதுவானதே.

பொய்யாகிப்போன ஓர் அழைப்புக்காக அழைத்தவரைக் கடிந்துகொண்டோமாயின், அடுத்த முறை அவர் அழைக்கத் தயங்குவார். அதுவே மணியின் நாவிலே நாம் சுற்றும் துணி. உறக்கம் கெட்டு வந்த இரவிலும், "அழைத்தது நன்று" என்று அவரிடம் கூறிவிட்டு, கோபத்தை அளவியின் தளர்ந்த திருகாணியின்மேல் செலுத்துவோம். இல்லத்துத் தாய்மார்களும், நள்ளிரவில் எழுந்து செல்லும் கணவரையோ மகளையோ "இதே வேலையாகப் போயிற்று" என்று சலித்துக்கொள்ளாமல் வழியனுப்புவார்களாயின், அவர்களும் அக்காவலில் பங்குகொண்டவரே ஆவர். பெயரறியாத ஒரு நோயாளிக்கு ஏற்றவேண்டிய குருதியும், குழந்தைக்குப் போடவேண்டிய தடுப்பு மருந்தும், ஓர் ஆராய்ச்சி மாணவியின் பல்லாண்டு உழைப்பும் அப்பெட்டிகளுக்குள் இருக்கின்றன.

மணிகள் குறைவாக ஒலிக்கட்டும். ஒலிக்கும் மணியை ஒருவரும் புறக்கணியாதிருக்கட்டும்.